பழைய லாரியின் இறுகிப்போன கதவு

சாமளாபுரம் என்றதும் பலருக்கு விசைத்தறிச் சத்தமும் நொய்யல் தண்ணீர் வந்து தங்கும் குளமும்தான் நினைவுக்கு வரும். தறி ஓட வேண்டுமானால் பாவு நூல் வந்து சேர வேண்டும், நெய்த துணி போய்ச் சேர வேண்டும். ஆகவே தறியைப் போலவே லாரியும் இந்தப் பக்கத்து மக்களுக்குப் பழகிய இயந்திரம்தான்.

இன்று நூல் மூட்டை ஏற்றும் லாரி என்றால் பெரும்பாலும் டீசல் லாரிதான். ஒரு காலத்தில் நிலைமை வேறு. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாய் சிவ்ரியில் ஆலை தொடங்கி, செவர்லே வண்டிகளை இங்கேயே பூட்டி விற்றது. 1954-ல் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. அதே 1954-ல்தான் டெல்கோ நிறுவனம் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸுடன் கைகோத்து டீசல் லாரி தயாரிக்கத் தொடங்கியது. அதன் பிறகு பெட்ரோல் லாரிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போயின. மிஞ்சியவை யாராவது ஒருவருடைய தோட்டத்துக் கொட்டகையில், "தாத்தா ஓட்டின வண்டி" என்ற பெயரோடு நிற்கும்.

அப்படி நின்ற ஒரு ஆறு சிலிண்டர் செவர்லே லாரியை மறுபடி ஓடவிட ஒருவர் ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி மாற்றி, டேங்க்கைக் கழுவி, கார்பரேட்டரைச் சுத்தம் செய்து ஸ்டார்ட் செய்கிறார். வண்டி ஓடுகிறது. ஆனால் பத்து நிமிடத்தில் இழுவை குறைகிறது, எஞ்சின் கொதிக்கிறது, கார்பரேட்டரில் பெட்ரோலே கொதித்து ஆவியாகிறது. எல்லாரும் ரேடியேட்டரைச் சந்தேகப்படுவார்கள். குற்றவாளி வேறு இடத்தில் ஒளிந்திருக்கலாம்.

புகை வெளியேறும் மேனிபோல்டுக்குள், கார்பரேட்டருக்கு நேர் கீழே, ஒரு சின்ன இரும்புக் கதவு இருக்கிறது. ஆங்கிலத்தில் இதை ஹீட் ரைசர் என்பார்கள். குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது; துளித்துளியாகக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதனால் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இந்தக் கதவு சூடான புகையை மேலே திருப்பி, பெட்ரோல் கலவை போகும் குழாயின் அடிப்பக்கத்தைச் சூடாக்குகிறது. எஞ்சின் சூடானதும், வெளியே சுருட்டி வைத்திருக்கும் இரட்டை உலோகச் சுருள் தளர்ந்துவிடும். ஓர் எடைக்கட்டியும் புகையின் வேகமும் சேர்ந்து கதவைத் திருப்ப, புகை நேராக சைலன்சருக்குப் போய்விடும். கம்ப்யூட்டர் இல்லை, வயர் இல்லை. எத்தனை எளிமையான மூளை!

இது ஏன் இறுகுகிறது? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரும் உண்டாகிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் அது ஆவியாக வெளியேறிவிடும். ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்தில் நிறுத்தும் வண்டியில் உள்ளேயே தங்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். கரியும் சேர்ந்துகொள்ளும். கதவின் தண்டு அதன் துளைக்குள் அப்படியே பூட்டிக்கொள்கிறது. ஆக, ஓடி ஓடித் தேய்ந்த வண்டியைவிட நின்று நின்று கெட்ட வண்டிக்கே இந்த நோய் அதிகம்.

வைத்தியத்துக்கு முதல் தேவை பொறுமை. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, எடைக்கட்டியைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். அசையாவிட்டால் குழாயை மாட்டி நெம்பக் கூடாது; தண்டோ சுருளோ ஒடிந்துவிடும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தண்டின் இரு முனைகளிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிட வேண்டும். மறுநாள் சின்னச் சுத்தியலால் தண்டின் முனையில், இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. ஒரு நூல் அளவு நகர்ந்தாலே பாதி வெற்றி. பிறகு எஞ்சினைச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி எண்ணெய். சிலசமயம் இது நாட்கணக்கில் நடக்கும். அசையத் தொடங்கியதும் சாதாரண எஞ்சின் ஆயிலை விடுவது தப்பு. அது சூட்டில் கருகி மறுபடி பசையாகிவிடும். கிராஃபைட் தூள் கலந்த மசகுதான் சரி.

எதற்கும் மசியாவிட்டால் மேனிபோல்டைக் கழற்றத்தான் வேண்டும். இங்கேதான் ஆபத்து. வார்ப்பிரும்பு வளையாது, உடையும். புதிது வாங்கக் கடையும் இல்லை. லேத் பட்டறையில் பழைய தண்டைத் துளைத்தெடுத்து, புஷ் போட்டு, புதுத் தண்டு கடைந்து கொடுப்பார்கள். அது கொஞ்சம் லூசாகவே இருக்க வேண்டும். சூட்டில் விரிய இடம் வேண்டுமல்லவா? திருப்பி மாட்டும்போது, இரண்டு மேனிபோல்டுகளையும் இணைக்கும் போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, முதலில் எஞ்சினோடு ஒட்டவைத்து, பிறகே இறுக்க வேண்டும். இல்லையென்றால் காது உடைந்துவிடும்.

ஒரு நியாயமான கேள்வி எழும். இந்தக் கதவு அமெரிக்கப் பனிக்காகச் செய்தது. மார்கழியில்கூடப் பனி உறையாத கொங்கு நாட்டுக்கு இது எதற்கு? பிடுங்கி எறிந்துவிட்டு வெல்டிங் வைத்தால் என்ன?

பாதி உண்மைதான். திறந்த நிலையில் இறுகினால் நம் ஊரில் பெரிய நஷ்டமில்லை. காலையில் எஞ்சின் கொஞ்சம் திக்கும், அவ்வளவுதான். மூடிய நிலையில் இறுகினால்தான் ஆபத்து. கொதிக்கும் பெட்ரோலுக்குக் கீழே பழுக்கக் காய்ந்த இரும்பு இருந்தால் தீப்பிடிக்க எவ்வளவு நேரமாகும்? ஆகவே அவசரத்துக்குத் திறந்த நிலையில் கட்டி வைப்பது புத்திசாலித்தனம். வெட்டி எறிவது வேறு. கட்டியதை அவிழ்க்கலாம், வெட்டியதை ஒட்ட முடியாது. இன்று கிடைக்கும் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், ஆவியாக முன்பைவிட அதிக வெப்பம் கேட்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

சட்டமும் இதையே சொல்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, ஐம்பது வயது தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள், பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் பழைய வடிவிலேயே இருந்தால்தான் 'விண்டேஜ்' என்ற தகுதி. அந்த வண்டியைத் தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது.

அப்படியானால் சம்பாதித்துத் தராத வண்டிக்கு இத்தனை பாடு எதற்கு என்று வீட்டில் கேட்கத்தான் செய்வார்கள். கதவு விடுபட்டு, எஞ்சின் சூடாகச் சூடாக அந்த எடைக்கட்டி யாரும் தொடாமல் தானே மெல்லத் திரும்புவதை ஒருமுறை அவர்களுக்குக் காட்டிவிட்டால் போதும். அப்புறம் மாதம் ஒருமுறையாவது வண்டியை நன்றாகச் சூடேறும்வரை ஓட்டச் சொல்லுங்கள். மறுபடி இறுகாமலிருக்க அதைவிட நல்ல மருந்து இல்லை.