விரல்விட்டு எண்ணும் பேத்திக்கு

சங்கரன்கோவில்,
5.9.2025

அன்புப் பேத்திக்கு,

தாத்தா எழுதிக்கொள்வது. நானும் ஆச்சியும் நலம். ஆச்சிக்கு ஆடிச்சுற்று சுற்றிய முழங்கால் வலி மட்டும் இன்னும் விட்டபாடில்லை. அடுத்த வருஷமும் சுற்றுவேன் என்கிறாள்.

உன் அம்மா போனில் எல்லாம் சொன்னாள். வகுப்பில் நீ விரல்விட்டு எண்ணினாயாம், பக்கத்துப் பிள்ளைகள் சிரித்தார்களாம், அன்றிலிருந்து கணக்கு நோட்டைத் தொடமாட்டேன் என்கிறாயாம். போனில் நான் பேசினால் ‘சரி தாத்தா’ என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

முதலில் அந்த விரல் சங்கதி. ஆடித்தபசுக்கு வந்திருந்தாயே, ஆச்சி கோயிலை 108 சுற்று சுற்றினாள். வழியில் நாலு பேரிடம் பேசினாள், உனக்கு ஐஸ் வாங்கித் தந்தாள், எண்ணிக்கை மட்டும் பிசகவில்லை. எப்படி என்று அவள் கையைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கட்டைவிரல் நீங்கலாக நாலு விரல்; விரலுக்கு மூன்று கணு. ஒரு சுற்று முடிந்தால் கட்டைவிரல் அடுத்த கணுவுக்கு நகரும். வலக்கை நிறைந்தால் பன்னிரண்டு. உடனே இடக்கையில் ஒரு கணு நகரும். இடக்கையில் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் மூன்றும் தீர்ந்தால் ஒன்பது பன்னிரண்டு, 108. ஆள்காட்டி விரல் அப்போதும் சும்மாதான் இருக்கும். அதையும் சேர்த்தால் 144 வரை போகலாம். மூன்றாம் வகுப்போடு நின்றவள் உன் ஆச்சி. சிரித்த பிள்ளைகளிடம் இதைச் செய்து காட்டு.

இன்று திருவோணம் அல்லவா, நேற்று நம்மூர் பூ மார்க்கெட்டில் கால் வைக்க இடமில்லை. எனக்கு அங்கே வேலை ஒன்றும் கிடையாது. ஆனாலும் முப்பத்தெட்டு வருஷம் கமிஷன் கடையில் கணக்கு எழுதியவனுக்குப் பிச்சியும் கேந்தியும் வந்து இறங்குகிற நேரத்தில் வீட்டில் இருப்புக்கொள்ளுமா? போனேன். எலெக்ட்ரானிக் தராசு தொகையைக் காட்டுவதற்குள் பூக்கட்டுகிற பெண்கள் தொகையைச் சொல்லிவிடுகிறார்கள்.

கிலோ 760 ரூபாய் என்று வைத்துக்கொள். 350 கிராம் வேண்டும். நீயானால் 760-ஐ 350-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுக்கப் பேப்பர் தேடுவாய். அவர்கள் பேச்சு இப்படிப் போகும்: நூறு கிராம் 76. முந்நூறுக்கு 228. ஐம்பதுக்கு 38. ஆகமொத்தம் 266. மனக்கணக்கில் பாதி வேலை எங்கே உடைப்பது என்று பார்ப்பதுதான். எண்ணுக்கும் விரல் மாதிரி கணு இருக்கிறது. அங்கே மடக்கினால் சுலபமாக மடங்கும்.

இன்னொன்று பார். 84-ஐ 25-ஆல் பெருக்கு என்றால் பயப்படுவாய். 84 நாலணா எத்தனை ரூபாய் என்று ஆச்சியைக் கேட்டால், நாலு நாலணா ஒரு ரூபாய், 84-ல் கால் பங்கு 21 என்பாள். 21 ரூபாய்க்கு 2100 காசு. அதுதான் உன் விடை. அணா போய் நயா பைசா வந்தது 1957-ல். 25 காசு செல்லாமல் போனது 2011-ல். நீ நாலணாவைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டாய். ஆனாலும் 25-ஆல் பெருக்க அதைவிட நல்ல ஆசான் கிடையாது.

அடுத்தது கடன் வாங்கும் வித்தை. 98-ஐ ஏழால் பெருக்க, இரண்டு கடன் வாங்கி 100 ஆக்கிக்கொள். ஏழு நூறு 700. வாங்கியது ஏழு தடவை இரண்டு, அதாவது 14. திருப்பிக் கொடுத்தால் 686. இதில் கடன் வாங்குவது சுலபம். எவ்வளவு வாங்கினோம் என்பதை மறக்காமலிருப்பதுதான் பாடு. நானே மறந்து தலைகுனிந்த கதையை உனக்குச் சொன்னதில்லை.

1981. வேலையில் சேர்ந்த புதிது. எனக்கு வேகத்தில் ஒரு மிதப்பு. பக்கத்துக் கிராமத்து அம்மா ஒருவர் நனைந்த சாக்கில் மல்லிகை கொண்டுவந்தார். எடை மூன்றேமுக்கால் கிலோ, விலை கிலோ 48 ரூபாய். நான் 48-ஐ ஐம்பதாக்கினேன். மூன்றேமுக்கால் ஐம்பது 187 ரூபாய் 50 காசு. கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட்டினோமே என்று எட்டு ரூபாயைக் கழித்து, 179.50 என்று சிட்டை எழுதி நீட்டிவிட்டேன். அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, சிட்டையில் கைநாட்டுத்தான். தொகையை வாய்விட்டுச் சொன்னதும் கண்ணை ஒரு நொடி மூடித் திறந்தார்.

“தம்பி, அம்பது காசு குறையுது. நாலு கிலோவுக்குக் கழிச்சிருக்கீரு. நான் கொண்டாந்தது மூணேமுக்கால்லா?”

எட்டுக்குப் பதில் ஏழரை கழித்திருக்க வேண்டும். உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். “நாலு கிலோன்னா நூத்தித் தொண்ணூத்திரெண்டு. கால் கிலோ பன்னெண்டு. போச்சுன்னா நூத்தியெம்பது” என்றார். நான் சுற்றிப் போன வழியை அவர் இரண்டே எட்டில் கடந்துவிட்டார். ஐம்பது காசைக் கொடுத்தேன். அன்றிலிருந்து எவ்வளவு அவசரமானாலும் விடையை இன்னொரு வழியில் ஒரு தடவை போட்டுப் பார்க்காமல் சிட்டை கிழித்ததில்லை. குறுக்குவழி தெரிந்தவனுக்கு இரண்டு வழி தெரிந்திருக்க வேண்டும், தாயி.

அந்தக் கால், முக்கால் எல்லாம் நம் ஆட்கள் வாயில் எப்படி இத்தனை லேசாகப் புரண்டது தெரியுமா? என் தாத்தா திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை ராகம் போட்டு மனப்பாடம் செய்தவர். ஒன்றை 320 பங்கு போட்டால் ஒரு பங்கு முந்திரி. நாலு முந்திரி ஒரு காணி. நாலு காணி ஒரு மா. ஐந்து மா ஒரு கால். இதில் எனக்குப் பிடித்தது மாகாணி. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி, பதினாறில் ஒரு பங்கு. உன் புத்தகப்படி 1/20-ஐயும் 1/80-ஐயும் கூட்டிப் பார், 1/16 வரும். பெயரைச் சொன்னாலே கூட்டல் முடிந்துவிடுகிறது!

கடைசியாக ஒரு விளையாட்டு. நாசிக் பக்கம் தேவ்லாலியில் காப்ரேகர் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். அவர் 1949-ல் கண்டு சொன்னது இது. நாலு இலக்க எண் ஏதாவது எடு. நாலும் ஒரே இலக்கமாக மட்டும் இருக்கக் கூடாது. இலக்கங்களைப் பெரிய எண்ணாக அடுக்கு, சிறிய எண்ணாக அடுக்கு, கழி. வந்த விடையை வைத்துத் திரும்பவும் அதையே செய். ஏழு தடவைக்குள் 6174-ல் வந்து நின்றுவிடும். அதற்குமேல் எத்தனை தடவை செய்தாலும் 6174-தான்.

ராமானுஜன் டாக்சி எண் 1729 உனக்குத் தெரிந்திருக்கும். 1, 12 இரண்டின் கனங்களைக் கூட்டினாலும் 9, 10 இரண்டின் கனங்களைக் கூட்டினாலும் வருகிற எண். அதையே எடுத்துக்கொண்டு ராத்திரி உட்கார்ந்தேன். 9721-ல் 1279 போக 8442. அப்புறம் 5994, 5355, 1998, 8082, 8532, 6174. சரியாக ஏழாவது எட்டில் போய்ச் சேர்ந்தது. ஆச்சி, “தூங்காம யாருக்குச் சிட்டை எழுதுதீங்க?” என்று விளக்கை அணைத்துவிட்டாள். நீ பிறந்த வருஷத்தை எடுத்துப் போட்டு, எத்தனை எட்டில் வந்தது என்று எனக்கு எழுது.

நாளை பொதிகை எக்ஸ்பிரஸில் வருகிற மாமாவிடம் ஆச்சி அதிரசம் கொடுத்து விடுகிறாள். எத்தனை என்று எழுதமாட்டேன். டப்பாவில் ஏழு அடுக்கு, அடுக்குக்கு ஒன்பது. நான் ருசி பார்க்க எடுத்தது இரண்டு. வந்ததும் விரல்விட்டு எண்ணிப் பார். குறைந்தால் மாமாவைக் கேள்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள தாத்தா