அப்பாவின் 96 ஓட்டு

கணக்குன்னு சொன்னதும் தலைதெறிக்க ஓடிடாதீங்க மக்களே. கூட்டல், கழித்தல் தெரிஞ்சா போதும். மீதியெல்லாம் எங்க வீட்டுக் கதைதான்.

1987. அப்பா அப்போ திருவொற்றியூர்ல ஒரு கம்பெனியில் வேலை. (பேர் வேண்டாம், விடுங்க.) யூனியன் செயலாளர் தேர்தல் வந்துது. மூணு பேர் நின்னாங்க. ஒருத்தர் நிர்வாகத்துக்கு வேண்டியவர்னு ஊருக்கே தெரியும். அவரை எதிர்த்து அப்பா. அதே காரணத்துக்காக அப்பாவோட உயிர்க் கூட்டாளியும். காலடிப்பேட்டைக்காரர், நாங்க மாமான்னுதான் கூப்பிடுவோம். 'நீ நில்லு, நான் விலகிக்கறேன்'னு ரெண்டு பேருமே சொன்னாங்களாம். கூட இருந்தவங்க ரெண்டு பேரையும் விலக விடலை.

முடிவு: நிர்வாகத்து ஆள் 142, மாமா 118, அப்பா 96.

கள்ள ஓட்டு இல்லை, பணம் இல்லை, எண்ணினதுல ஒரு ஓட்டுகூடத் தப்பில்லை. மொத்தம் 356 பேர்ல 214 பேர் வேண்டாம்னு சொன்ன ஆள் செயலாளர் ஆயிட்டார். அன்னைக்கு சாயங்காலமே கேட்டுக்கு வெளியே அப்பாவும் மாமாவும் 'உன்னாலதான்டா'ன்னு கத்திக்கிட்டாங்க. அதோட பேச்சு நின்னு போச்சு.

நம்ம சட்டசபைத் தேர்தலும் இதே முறைதான். யாருக்கு அதிகமோ அவர் ஜெயிச்சார், பாதிக்கு மேல வாங்கணும்னு அவசியமே இல்லை. இது தொகுதி தொகுதியா நடந்து ஒண்ணு சேரும்போது இன்னும் வேடிக்கை. 1991-ல் திமுக சுமார் 22.5 சதம் ஓட்டு வாங்கி ஜெயிச்சது 234-ல் ரெண்டே இடம். அதுல ஒண்ணு நம்ம துறைமுகம் தொகுதி, கருணாநிதி 890 ஓட்டு வித்தியாசத்தில் தப்பிச்சார். 1996-ல் சக்கரம் அப்படியே திரும்பிச்சு: அதிமுகவுக்கு 21 சதத்துக்கு மேல ஓட்டு, இடம் நாலு. அடி வாங்கினப்ப இந்த முறையைத் திட்டினவங்க, ஜெயிச்சப்ப மறந்துட்டாங்க. ரெண்டு பக்கமும்தான்.

சரி, வேற வழி இருக்கா? இருக்கு. ஒரே பேருக்கு முத்திரை குத்தாம, 1, 2, 3ன்னு வரிசை போடச் சொல்லணும். யாருக்கும் பாதி தேறலைன்னா கடைசி ஆளைக் கழிச்சிட்டு, அவர் சீட்டுகளை ரெண்டாவதா எழுதின பேருக்குத் தள்ளணும். நம்ம குடியரசுத் தலைவர் தேர்தலே இப்படித்தான். 1969-ல் 15 பேர் போட்டி. முதல் சுற்றில் வி.வி.கிரி 4,01,515, சஞ்சீவ ரெட்டி 3,13,548, தேஷ்முக் 1,12,769. ஜெயிக்க 4,18,169 வேணும். யாருக்கும் இல்லை. ஒவ்வொருத்தராக் கழிச்சு ரெண்டாவது விருப்பத்தை எண்ணினதும் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. மயிரிழைதான்! பக்கத்துல இலங்கையிலயும் அதிபர் தேர்தல்ல விருப்ப வரிசை உண்டு. 2024-ல் அநுர குமார திசாநாயக்கவுக்கு முதல் சுற்றில் 42.31 சதம்தான், அதனால அங்க முதல் தடவையா ரெண்டாவது விருப்பத்தை எண்ண வேண்டி வந்துது.

அந்த முறையில எங்க தொகுதியைப் போட்டுப் பார்த்தேன். 2021 திருவொற்றியூர்: திமுக கே.பி.சங்கர் 88,185, அதிமுக குப்பன் 50,524, நாம் தமிழர் சீமான் 48,597. ஜெயிச்சவருக்கு சுமார் 44 சதம். ரெண்டாவதும் மூணாவதும் கூட்டினா 99,121, ஜெயிச்சவரை விட அதிகம். 'பார்த்தியா, அநியாயம்'னு குதிக்கக் கூடாது. சின்ன வேட்பாளர்களை ஒதுக்கிட்டுக் கணக்குப் போட்டா, சீமானுக்குப் போட்ட 48,597 பேர்ல 43,130 பேர் குப்பனை ரெண்டாவதா எழுதி, மீதிப் பேர் சங்கரை எழுதியிருந்தாத்தான் முடிவு மாறும். பத்துக்கு ஒன்பது பேர் கிட்ட! நடக்கிற காரியமா? அனேகமா அதே முடிவுதான் வந்திருக்கும். 'அனேகமா'ன்னுதான் சொல்ல முடியும். ரெண்டாவதா யாரைப் பிடிக்கும்னு அந்த மிஷின் யாரையும் கேட்கவே இல்லையே.

அப்போ வரிசை போட்டா எல்லாம் சரியாயிடுமா? அதுவும் இல்லை. எங்க வீட்டு ஞாயித்துக்கிழமையைப் பாருங்க. எனக்கு வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, இந்த வரிசை. வீட்டம்மாவுக்கு சங்கரா, நெத்திலி, வஞ்சிரம். அம்மாவுக்கு நெத்திலி, வஞ்சிரம், சங்கரா. ரெண்டு ரெண்டா ஓட்டுக்கு விடுங்க. வஞ்சிரம் சங்கராவை 2-1ல் ஜெயிக்கும். சங்கரா நெத்திலியை ஜெயிக்கும். நெத்திலி வஞ்சிரத்தை ஜெயிக்கும். சுத்தி சுத்தி வரும், முடிவே வராது! 1785-லயே பிரான்ஸ்ல கொந்தோர்சேங்கிறவர் இதைக் கண்டுபிடிச்சிட்டார். 1951-ல் கென்னத் ஆரோ, மூணோ அதுக்கு மேலயோ பேர் நின்னா, விருப்ப வரிசையை வெச்சு முடிவு சொல்ற எந்த முறையாலயும் நியாயமான சில சாதாரண நிபந்தனைகளை எப்பவும் ஒண்ணா நிறைவேத்த முடியாதுன்னு நிரூபிச்சே விட்டார். (எங்க வீட்டில் எது மலிவோ அதுன்னு அப்பா முடிச்சு வெப்பார்.)

எல்லா முறையிலயும் ஓட்டை உண்டுன்னா எல்லாம் ஒண்ணுதானேன்னு கேக்காதீங்க. எல்லாப் படகுலயும் கொஞ்சம் தண்ணி ஏறும்தான். அதுக்காகப் பெரிய ஓட்டை உள்ள படகுல யாரும் கடலுக்குப் போறதில்லை.

மாமா ரெண்டு வருஷம் முன்னாடி தவறிட்டார். அப்பா போய் மாலை போட்டுட்டு, ஒரு வார்த்தை பேசாம தேரடி வரைக்கும் நடந்தே வந்தார். போன வாரம் மனசு கேக்காம இந்தக் கணக்கை ஒரு பேப்பர்ல போட்டு அவர்கிட்ட காட்டினேன். "வரிசை போடச் சொல்லியிருந்தா நீ முதல்ல கழிஞ்சிருப்பப்பா. உன் 96 பேர்ல 61 பேர் மாமாவை ரெண்டாவதா எழுதியிருந்தாலே போதும், 179-177ல் அவர் ஜெயிச்சிருப்பார்."

கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பேப்பரையே பார்த்தார்.

"இன்னாடா அறுவத்தியொண்ணு? எங்காளுங்க அத்தினி பேரும் அவனுக்குத்தான்டா எழுதியிருப்பானுங்க. நானே அவனத்தான் எழுதியிருப்பேன்."

அப்புறம் பேப்பரை நாலா மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டார்.

"இத அப்பவே எவனாவது சொல்லியிருக்கலாம்ல?"

என்கிட்ட பதில் இல்லை. எனக்கு அப்போ ஒன்பது வயசு.

பி.கு: உங்க ஆபீஸ், சங்கம், அபார்ட்மெண்ட்னு எங்கேயாவது மூணு பேர் நின்னா, சீட்டுல ரெண்டாவது பேருக்கும் ஒரு கோடு போட்டு வைங்க. செலவு ஒண்ணும் இல்லை. ஒரு சிநேகிதம் மிஞ்சலாம்.