சிவப்பு நிலம்

2013ஆம் ஆண்டு. சமூகவியல் பட்டத்தோடு வேலைக்குச் சேர்ந்த புதிது. கிளிநொச்சியில் மீள்குடியேறிய ஓர் அக்காவின் வீட்டுக்கு, விறாந்தைக்கு நிலம் போடும் நாளில் போயிருந்தேன். கணவரைப் போரில் இழந்தவர். சீட்டுக் காசில், சீமெந்துக்குப் போடும் சிவப்புத் தூள் வாங்கி வைத்திருந்தார்.

“இந்தக் காசுக்கு ஒரு யன்னல் போடலாமே அக்கா?” என்றேன்.

“பிள்ளை, எங்கட பழைய வீட்டு நிலமும் சிவப்புத்தான். இது என்ர வீடெண்டு காலுக்குத் தெரிய வேணும்.”

நான் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்துப் பங்கு சீமெந்துக்கு ஒரு பங்கு தூள். கூடினால் நிலம் பலமிழக்கும். இரண்டையும் உலர்வாகவே கலந்து அரித்தார். முழு விறாந்தைக்கும் ஒரே தடவையில் கலக்காவிட்டால் நிறம் திட்டுத் திட்டாகத் தெரியுமாம். கீழ்ச்சாந்து ஈரமாக இருக்கும்போதே மேசன் அதைப் பூசி, சாந்தகப்பையால் அழுத்தி மினுக்கினார். வெடிக்காமல் இருக்க ஏழு நாட்கள் ஈரச்சாக்கு. நன்றாகக் காய்ந்தபின் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தார்.

அது இரும்பு ஒட்சைட்டு. வெயிலில் இலகுவில் வெளிறாது. நீங்களும் நிலம் போடுவதென்றால் இப்படிச் செய்து பாருங்கள்.

என் படிவத்தில் கதவுக்கும் யன்னலுக்கும் இடம் இருந்தது. அக்காவின் விருப்பத்துக்கு இடம் இருக்கவில்லை. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் அதைத்தான் முதலில் கேட்கிறேன்.