ஏலம்

போடிநாயக்கனூரில் 'ஏலம்' என்ற சொல் இரண்டு. ஒன்று மலைச்சரிவில் மரநிழலில் வளர்வது. மற்றது நறுமணப் பொருள் வாரியத்தின் கூடத்தில் நடப்பது. போர்த்துக்கீசியர் வழி வந்த சொல். செடியும் விற்பனையும் ஒரே ஓசையில் சந்தித்தது தற்செயல்.

அப்பா போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளை. அவருடைய நாட்குறிப்புகளை, நாளுக்கு ஒரு வரியாக, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஏற்றியிருக்கிறேன். முழுப்பிரதித் தேடல், சொல்லடைவு தயாரித்தவர்கள் சீட்டுச் சீட்டாகச் செய்த வேலைதான். ஒவ்வொரு பதிவும் சொற்களாக உடைகிறது. உருபுகளைக் கழித்து அடிச்சொல்லை எடுக்கப் பார்க்கிறது. எந்தச் சொல் எந்தப் பதிவில் என்று ஒரு அடைவு உருவாகிறது. 2019இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து தமிழுக்கும் இந்த வசதி உண்டு.

'ஏலம்' என்று கேட்டேன். விலைகள் வந்தன, செடி வரவில்லை. அப்பா அதை 'காய்' என்றுதான் எழுதியிருக்கிறார். 'காய்' என்று கேட்டால் பறிப்பு, ஸ்டோரில் உலர்த்தல், மழை, அட்டைக்கடி, கூலி பாக்கி எல்லாம் வருகின்றன.

இணைச்சொல் அகராதியில் ஒரு வரி சேர்த்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். நான் சேர்க்கவில்லை. எந்தச் சொல் எதற்குச் சமம் என்பதை எந்திரம் தீர்மானிப்பதில்லை, நாம் சொல்லிக்கொடுக்கிறோம். அது விமர்சகனின் வேலை. கூடத்தில் கேட்ட விலையையும் சரிவில் பாக்கி நின்ற கூலியையும் ஒரே சொல்லின் கீழ் அடுக்கினால் தேடுவது சுலபம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மலைதான் காணாமல் போகும்.