தொட்டி இருந்த இடத்தில் மேசை

கொல்கத்தாவில் சைனா டவுன் இரண்டு. பழையது நகரத்துக்கு நடுவே டிரெட்டி பஜாரில். அங்கே விடியற்காலையில் தெருவோரமாகச் சுடச்சுட விற்பதை வெயில் ஏறுவதற்குள் தின்றுவிட வேண்டும். புதியது கிழக்கே டாங்ராவில். இங்கே உட்கார்ந்து சாப்பிடலாம். உயர்ந்த மதில்கள், இரும்புக் கதவுகள், சீன எழுத்துகள், உள்ளே ஏ.சி. போட்ட பெரிய ஓட்டல்கள். வாசலில் கார்கள் வரிசையாக நிற்கும்.

ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தபோது வங்காளத் தோழர் ஒருவர் அங்கே அழைத்துப் போனார். முதலில் ஷூமாய் வந்தது. அரைத்த பன்றிக்கறியை மெல்லிய மாவில் பொதிந்து, வாயை மூடாமல் ஆவியில் வேகவைத்தது. தேநீரோடு தின்பதற்கென்று தென்சீனத்துக்காரர்கள் வைத்திருக்கும் இந்தச் சின்னச் சின்னப் பண்டங்களுக்கெல்லாம் டிம் சம் என்று பெயர். நம்ம கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட உறவு. பூரணத்துக்குப் பதில் பன்றி, அவ்வளவுதான். பிறகு இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டு முழுசாக அவித்த மீன். வங்காளத்தில் பெட்கி என்கிறார்கள், நம்ம கொடுவாதான். மாவில் புரட்டிப் பொரித்த இறால். கடைசியில் பூண்டும் மிளகாயும் அப்பிய நண்டு. பக்கத்து மேசையில் கரண்டியால் நண்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கையால் உடைத்து உறிஞ்சினேன். ருசி என்றால் அப்படியொரு ருசி.

"இந்த ஹால் முன்னாடி டேனரி தோழர்" என்றார் அவர்.

எங்க பக்கம் தோல் ஷாப்பு என்போம். அப்பா ஆம்பூரில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்றவர். மூணு தடவை சோப்புப் போட்டுக் குளித்தாலும் அந்த வாடை போகாது. பஸ்ஸில் அவர் பக்கத்து சீட்டு காலியாகவே வரும். டீக்கடையில் கிளாஸைத் தூக்கிக் கொடுக்கும் கை கொஞ்சம் தள்ளியே நிற்கும். டாங்ராவில் மூச்சை இழுத்துப் பார்த்தேன். பூண்டும் வினிகரும்தான் வந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹக்கா சீனர்கள் இந்தச் சதுப்பு நிலத்தில் தோல் பதனிட ஆரம்பித்தார்கள். சாதி இந்து கைவைக்காத தொழில். போட்டிக்கு அவன் வரமாட்டான். ஆனால் தொட்டியில் இறங்கி ஈரத்தோலை இழுத்தவர்கள் பெரும்பாலும் பீகாரிலிருந்து வந்த சமார்கள். முதலாளி சீனர், கூலி சமார். சீனருக்குத் தோல் ஒரு தொழில். சமாருக்கு அது பிறப்பு. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த டேனரிகளை நகரத்தைவிட்டு வெளியே, பன்தாலாவுக்குப் போகச் சொன்னது. (அதே வருஷம் ஆகஸ்டில்தான் எங்க பாலாற்றுத் தோல் ஷாப்புகள் பற்றிய தீர்ப்பும் வந்தது.) அதற்கு முன்பே சில சீனர்கள் ஓட்டல் வைத்திருந்தார்கள். பிறகு ஓட்டல்கள் பெருகின. தொட்டி இருந்த இடங்களில் மேசை வந்தது.

தோழரிடம் கேட்டேன்: "இங்க தோல் இழுத்தவங்கள்ல யாராச்சும் ஓட்டல் வெச்சிருக்காங்களா?"

சிரித்தார். "வெச்சா யார் வருவா?"

"நீங்க வருவீங்கல்ல?"

"நான் வருவேன். மத்தவங்க முதல்ல பேரைக் கேட்பாங்க. அப்புறம் பசியில்லைம்பாங்க."

சீனர்கள் சொகுசாக வாழ்ந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. 1962 போரின்போது இந்தியச் சீனர்கள் சுமார் 3,000 பேரைக் குழந்தை குட்டிகளோடு ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் கொண்டுபோய் அடைத்தது இந்த அரசு. சிலர் வருஷக்கணக்கில் உள்ளே கிடந்தார்கள். திரும்பி வந்தபோது பலருக்கு வீடும் இல்லை, கடையும் இல்லை. எத்தனையோ குடும்பங்கள் கனடாவுக்குப் போய்விட்டன. டொரோண்டோவில் இதே கொல்கத்தாச் சமையலை விற்றுப் பிழைக்கிறார்கள்.

இதில்தான் என் மனசு சிக்கிக்கொள்கிறது. எதிரி என்று முத்திரை குத்தி அடைத்துவைத்தவனின் சமையலை இந்த நாட்டால் தின்ன முடிகிறது. தெருவுக்குத் தெரு ஹக்கா நூடுல்ஸ் தள்ளுவண்டி நிற்கிறது. அதே தோல் தொட்டியில் நின்ற உள்ளூர்க்காரன் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்க முடியவில்லை. நாற்றம்தான் காரணம் என்றால் முதலாளி சட்டையிலும் அது இருந்திருக்கும். பன்றிக்கறிதான் காரணம் என்றால் அந்த ஹாலில் முக்கால்வாசி மேசையில் அது இருந்தது. குடும்பத்தோடு வந்து, பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். இதையே எங்க தெருவில் தின்றால் பேரே வேறு.

ஆம்பூரிலும் தோலும் சோறும் பக்கத்தில் பக்கத்தில்தான். செருப்புக்கும் பிரியாணிக்கும் பேர்போன ஊர். மாட்டுத்தோல் அங்கே காசு, மாட்டுக்கறி பிரியாணி அங்கே ஏழைகளின் வயிற்றுச் சோறு. 2022 மே மாதம் அரசு சார்பில் மூன்று நாள் பிரியாணித் திருவிழா என்று அறிவித்தார்கள். மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்று சேதி வந்தது. எதிர்ப்பு கிளம்பியது. மாட்டுக்கறி பிரியாணியை நாங்களே இலவசமாகக் கொடுக்கிறோம் என்று சில அமைப்புகள் கிளம்பின. மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்துவிட்டார்கள்.