நூத்தம்பது எங்கடா?

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே நடந்த கம்ப்யூட்டர் சென்டரில்தான் நான் சி மொழி படித்தேன். வருஷம் 1999. நாலு கம்ப்யூட்டர், பதினோரு பேர். டர்போ சி-யின் நீலத் திரை முன்னால் ஆளுக்கு இருபது நிமிஷம். கரன்ட் போனால் அந்த இருபதும் போச்சு. 1902-லேயே சிவனசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்த ஊர் எங்களுடையது!

வைல் லூப்புக்குச் சார் கொடுத்த முதல் கணக்கு, கெர்னிகனும் ரிட்சியும் 1978-இல் எழுதிய புத்தகத்தில் இருப்பதேதான். பாரன்ஹீட்டைச் செல்சியஸாக மாற்றும் அட்டவணை. 0 முதல் 300 வரை, இருபது இருபதாக. நிபந்தனை சரியாக இருக்கும்வரை அடைப்புக்குள் இருப்பதைத் திரும்பத் திரும்பச் செய். சரியில்லாமல் போனதும் வெளியே வா. வைல் என்றால் இவ்வளவுதான்.

இருபதைக் கூட்டும் வரியை நான் விட்டுவிட்டேன். திரை முழுக்க 0, -17, 0, -17 என்று அருவி மாதிரி கொட்டியது. சார் வந்து கன்ட்ரோல்-பிரேக் தட்டினார். அதைத் திருத்தும் அவசரத்தில் வைல் அடைப்புக்குப் பக்கத்திலேயே ஒரு செமிகோலன் வைத்துத் தொலைத்தேன். அந்தப் புள்ளியே லூப்பின் முழு வேலையாகிவிட்டது. திரையில் ஒன்றும் வரவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. மெஷினை அணைத்துத்தான் போட வேண்டியிருந்தது. இந்த இரண்டில் எனக்கு இன்றும் பயம் இரண்டாவதிடம்தான். கொட்டுகிற தப்பு கண்ணில் படும். சும்மா நிற்கிற தப்பு, உள்ளே ஏதோ வேலை நடப்பது போலவே இருக்கும்.

மூன்றாம் நாள் பதினாறு வரியும் ஒழுங்காக வந்தன. நோட்டில் எழுதிக்கொண்டு, சுரங்கத் தொழிலாளர் லைனில் இருந்த வீட்டுக்கு ஓடினேன்.

நைனா, அதாவது அப்பா, சாம்பியன் ரீஃப் மைன்ஸில் வென்டிலேஷன் பிரிவில் இருந்தார். இரண்டு தெர்மாமீட்டர், ஒன்றின் பல்பில் ஈரத்துணி; காற்றில் சுழற்றிச் சுழற்றி அளவு எடுப்பது அவர் வேலை. மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போன சுரங்கம் அது. 2001 பிப்ரவரி 28-இல் மூடியபின் பம்புகள் நின்று, இப்போது அந்த லெவல்கள் எல்லாம் தண்ணீருக்குள்.

நோட்டை வாங்கி விரலால் வரி வரியாக இறங்கினார். 140-க்கு நேராக 60. அடுத்து 160.

"நூத்தம்பது எங்கடா?"

"இருபது இருபதா தாண்டும் நைனா."

"தாண்டினா எப்படி? கீழ் லெவல்ல கல்லு நூத்தம்பதைத் தொடும். காத்து இல்ல, கல்லு. நாங்க ஒவ்வொரு லெவலா நின்னு எடுக்கறோம், உன் மெஷினு தாண்டிப் போவுதா?"

மறுநாள் இருபதைப் பத்தாக்கினேன். முப்பத்தொரு வரி. 150-க்கு 65 என்று வந்தது. நைனா சிகரெட் அட்டையின் பின்பக்கம் கணக்குப் போட்டார். முப்பத்திரண்டு போக நூற்றுப் பதினெட்டு, ஐந்தால் பெருக்கி ஒன்பதால் வகுத்து.

"அறுபத்தஞ்சரைக்கு மேல வருது. அந்த அரை எங்க போச்சு? ஈர பல்புல அரை டிகிரி ஏறினா உடம்புக்குத் தெரியும்டா."

முழு எண்ணுக்கான இன்ட் என்று அறிவித்துவிட்டால் சி தசமத்தை வெட்டி எறிந்துவிடும். ஐந்தை ஒன்பதால் முதலில் வகுத்திருந்தால் எல்லா வரியிலும் பூஜ்ஜியமே வந்திருக்கும். புத்தகத்திலேயே இதைப் பற்றி இருக்கிறது; நான் புரட்டவில்லை. இன்ட்டைத் தசமம் தாங்கும் ஃப்ளோட்டாக மாற்றி, 65.6 என்று எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன்.

தலையாட்டினார். பிறகு நோட்டின் அடிப்பக்கத்தைத் தட்டினார்.

"முந்நூறு வரைக்கும் எதுக்கு? அங்க யாரு இருக்கா?"

நிபந்தனையில் இருந்த 300-ஐ 160 ஆக்கினேன்.