மீஸானும் ஒரு கதவும்

சுமையைத் தாங்க வலிமை வேண்டும் என்பதை யாவரும் அறிவர். அவ்வலிமைக்கும் ஓர் அளவு வேண்டும் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. குறைந்தால் சுமை விழும். மிகுந்தாலோ தாங்க வந்ததே சுமையாகிவிடும். அர்ரஹ்மான் சூராவின் தொடக்கத்தில் அடுத்தடுத்த மூன்று ஆயத்துக்களில் மீஸான் என்னும் சொல் வருகிறது. அதைக் கடைத்தெருத் தராசோடு நிறுத்திக்கொள்ளலாகாது. பிறர் தலைக்கு மேலே நாம் செய்து நிறுத்தும் ஒவ்வொரு பொருளிலும் அச்சொல்லுக்கு வேலை உண்டு.

சென்ற ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் என் மகள் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் சிறு வண்டியில் படுக்கையும் அடுப்பும் அமைத்துக்கொண்டு, விடுமுறை நாட்களில் குடும்பத்தோடு வெளியூர் சென்று தங்குவது அந்நாட்டாரிடையே பெருவழக்கு. என் மருமகன் அத்தகைய வண்டியொன்றைத் தாமே கட்டிக்கொண்டிருந்தார். அதன் பின்புறம் சமையலிடம். அங்குள்ள கதவு மேற்புறக் கீலில் தொங்கும். தூக்கி நிறுத்தினால் அடுப்புக்கு மேல் கூரையாகும். அதைத் தாங்க இருபக்கமும் கேஸ் ஸ்ட்ரட் எனப்படும் வாயுத் தாங்கிகள் வேண்டும். உருளைக்குள் மிகுந்த அழுத்தத்தில் அடைபட்ட நைட்ரஜன் வாயு, ஒரு தண்டை இடைவிடாது வெளியே தள்ளும். அவ்விசையை நியூட்டன் கணக்கில் அதன்மேல் குறித்திருப்பார்கள். ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 10 நியூட்டன் ஈடாகும்.

“600 நியூட்டனில் இரண்டு வாங்கிவிடலாம் மாமா. வலுவாக இருந்தால் நல்லதுதானே?” என்றார் மருமகன்.

“கதவை மூடப்போவது யார்?” என்று கேட்டேன். மூடுபவள் என் மகள். அதன் கீழே நின்று தட்டை நீட்டப்போகிறவள் என் பேத்தி. அவர் சற்று யோசித்துவிட்டுத் தாளும் பென்சிலும் எடுத்து வந்தார்.

இக்கணக்கு மிகப் பழமையானது. எடையைத் தொலைவால் பெருக்கிப் பார்க்கும் வெள்ளிக்கோலின் கணக்கே இது. ஹிஜ்ரி 288இல் மறைந்த தாபித் இப்னு குர்ரா, அக்கோலைப் பற்றி அரபு மொழியில் தனி நூலே எழுதினார். மர்வ் நகரத்து அல்காஸினீ, கி.பி. 1121இல் இயற்றிய ‘மீஸானுல் ஹிக்மா’வில் எடையையும் ஈர்ப்பு மையத்தையும் விரிவாக ஆராய்ந்தார். நம் கிராமத்துக் கிணற்றில் ஏற்றம் இறைத்தவர்களோ அதே உண்மையைக் காலால் அறிந்திருந்தனர்.

கதவின் நீளம் 90 சென்டிமீட்டர். எடை 16 கிலோ. ஒரு குழாயின்மேல் கிடத்திப் பார்த்ததில் கீலிலிருந்து 45 சென்டிமீட்டரில் அது சமநிலை கொண்டது. கதவு கிடைமட்டமாக நிற்கும்போதுதான் சுமை உச்சத்தில் இருக்கும்: 16ஐ 45ஆல் பெருக்க 720.

அடுத்தது, தாங்கியைப் பொருத்தும் இடம். கதவில் கீலுக்கு 17 சென்டிமீட்டர் கீழே ஒரு முனை. வண்டிச் சட்டத்தில் கீலுக்கு 50 சென்டிமீட்டர் கீழே, 2 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி மறுமுனை. கதவு திறந்து நிற்கையில் தாங்கியின் நேர்கோட்டுக்கும் கீலுக்கும் இடையே செங்குத்துத் தொலைவு 16 சென்டிமீட்டர் வருகிறது. 720ஐ 16ஆல் வகுத்தால் 45 கிலோ. இருவர் பகிர்ந்தால் ஆளுக்கு 22.5 கிலோ, அதாவது 220 நியூட்டன். சிறிது கூட்டி 250 என்று முடிவு செய்தோம்.

அக்கூடுதல் வீண் அன்று. குளிரில் வாயுவின் அழுத்தம் குறையும். 20 பாகையில் 250 நியூட்டன் தரும் தாங்கி, 0 பாகையில் ஏறத்தாழ 233தான் தரும். அப்போதும் கதவு நிற்கும். 600 நியூட்டன் தாங்கிகளைப் பூட்டியிருந்தாலோ, கதவின் விளிம்பை 13 கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு இழுத்தாலன்றி மூட இயலாது. நாளடைவில் கீலின் திருகாணிகளும் பெயரும். 250இல் ஒரு கிலோ அளவு இழுத்தாலே போதும்.

இந்த அமைப்பில் வேறு நன்மைகளும் உண்டு. கதவு மூடியிருக்கும்போது தாங்கியின் கோடு கீலை ஒட்டியே செல்வதால், கதவை வெளியே தள்ளும் விசை மிகச் சிறிது. திறந்தாலும் மூடினாலும் தண்டு கீழ்நோக்கியே இருக்குமாறு உருளையைக் கதவுப் பக்கம் பொருத்தினோம். உள்ளிருக்கும் சிறிதளவு எண்ணெய் அடைப்பு வளையத்தை நனைத்துக்கொண்டிருந்தால்தான் வாயு கசியாது. முழுதும் நீண்டால் 53.5, மடங்கினால் 33 சென்டிமீட்டர் என்னும் அளவுக்கு ஏற்ற தாங்கியையே வாங்க வேண்டும். நீளம் தவறினால் கதவு மூடாது, அல்லது முழுதும் திறக்காது.

எவ்வளவு நல்ல தாங்கியும் ஆண்டுகள் செல்லச் செல்ல வாயுவை இழக்கும். ஆதலின் கதவு தளர்வதாகத் தெரிந்தால் இரண்டையும் ஒருசேர மாற்றுதல் வேண்டும். பழையதை அறுக்கவோ, துளைக்கவோ, தீயிலிடவோ கூடாது. உள்ளிருக்கும் அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும். காற்று பலமாக வீசும் இடங்களில் ஒரு முட்டுக்கோலையும் கொடுத்துவைப்பது நலம்.

தலைக்கு மேலுள்ள கதவை யாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே சமைப்பதில்லை. செய்தவர் அளந்திருப்பார் என்று நம்பித்தான் கீழே நிற்கிறார்கள். அந்த நம்பிக்கை ஓர் அமானிதம். நிறையைக் குறைத்து விற்பவனை நாம் கண்டிக்கிறோம். அளக்காமல் செய்து மனிதரை அதன் கீழே நிற்க வைப்பவனும் மீஸானில் வரம்பு மீறியவனே.